காகிதம் ஒட்டாத முகம்

ராத்திரி பார்த்த முகத்தைப் பகலில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. நிக்கானோரின் தொழிலில் சட்டம் என்று இருப்பது இது ஒன்றுதான். அவன் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. மீறியிருந்தால் புவெப்லா நகரத்தில் பாதிக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரே பெஞ்சில் உட்கார முடியாது.

அவனுடைய ராஜ்ஜியம் தேரைச் சந்து. பகலில் உடைந்த நாற்காலியும் துருப்பிடித்த பூட்டும் விற்கிற சந்து. பொழுது சாய்ந்தால் அங்கே ‘ஊமை மணி’ கதவைத் திறக்கும். யாரோ ஒரு ஸ்பானியச் சீமான் எந்தக் காலத்திலோ கட்டிய வீடு. முற்றத்தைச் சுற்றிக் கல் தூண்கள், சுவரெல்லாம் நீல ஓடு. முற்றத்துக்குக் கூரை போட்டு, மதுக்கூடமாக்கி, மேடையும் கட்டிவிட்டார்கள். ஆனால் மேடைக்குப் பின்னால் மாடத்தில் நிற்கும் அந்தோணியார் சிலையை எடுக்க மட்டும் எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. அவர் முன்னால்தான் புருவம் மழித்த ஆண்கள் பட்டுப் பாவாடை கட்டி ஆடுகிறார்கள். அவர் முன்னால்தான் வங்கி மேலாளரும் இறைச்சிக்கடைக்காரரும் கன்னத்தோடு கன்னம் வைத்து மெதுவாகச் சுற்றுகிறார்கள். ஆண் ஆணைத் தேடி வருகிற இடம் அது.

நிக்கானோர் அங்கே வழிகாட்டி. கனடா, ஹாலந்து, டெக்ஸாஸ் என்று எங்கெங்கிருந்தோ ஜோடி ஜோடியாக வந்து இறங்கும் ஆண்களைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போவான். எந்தக் கடையில் ஆடலாம், எந்தக் கடையில் உட்கார்ந்து அழத்தான் முடியும், எந்தக் கடையில் பாட்டிலில் தண்ணீர் கலப்பார்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. முப்பத்து மூன்று வயதுக்குக் கொஞ்சம் கூடுதலான தொப்பை, அளவாக வெட்டிய தாடி, ஓயாத வாய். கூட வருகிறவர்களை ஒரு மணி நேரத்தில் சிரிக்க வைத்துவிடுவான். ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் அவனுக்கு அஞ்சலட்டை எழுதுகிற கிழவர்கள் உண்டு.

ஊமை மணிக்கு வருகிறவர்களில் த்ராங்கிலினோ என்று ஒருவர். சான் பல்தசார் பேட்டையில் சாவு விழுந்தால் ஜெபமாலை சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி, கல்லும் கரையும். வியாழக்கிழமை தவறாமல் வந்து, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, இனிப்பான சோம்பு மது ஒன்றே ஒன்று குடித்துவிட்டு, மேடையில் சோகப் பாட்டு வந்தால் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு போய்விடுவார். பகலில் எங்காவது எதிர்ப்பட்டால் நிக்கானோர் செருப்புக் கடையை வேடிக்கை பார்ப்பான், த்ராங்கிலினோ வானத்தைப் பார்ப்பார். இருவருக்கும் நடுவில் வருஷக்கணக்காக இப்படி ஒரு மரியாதை.

அந்த சான் பல்தசார்தான் நிக்கானோர் பிறந்த பேட்டை. நகரத்தின் தெற்கு ஓரம், வேன் திரும்புகிற கடைசி நிறுத்தம். பத்தொன்பது வயதுக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

அவன் அப்பா மெலேசியோ நகரத்துக்குள் வேன் ஓட்டினார். எந்த நேரத்தில் எந்தத் தடத்தில் அவர் வண்டி வரும் என்பது நிக்கானோருக்கு மனப்பாடம். அதற்குத் தக்கபடிதான் வீடு திரும்புவான். ஒரு நாள் விடியற்காலையில் வேறொரு டிரைவருக்குக் காய்ச்சல் வந்து, அவன் தடத்தை அப்பா ஓட்டும்படி ஆயிற்று. நிக்கானோர் ஒரு நடனக்காரனோடு கைகோத்துச் சிரித்துக்கொண்டே ஏறினான். விரலெல்லாம் சிவப்பு நகச்சாயம், கழுத்தில் அடுத்தவன் உதட்டுச் சாயம். உட்கார்ந்த பிறகுதான் டிரைவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்தான்.  அப்பா வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தமாக நிறுத்தி ஆட்களை இறக்கினார். நடனக்காரனும் இறங்கி ஓடிப்போனான். கடைசி நிறுத்தத்தில் மகன் மட்டும் மிச்சம். அப்போதும் அவர் திரும்பவில்லை, கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்.

“இறங்கு. உயிரோட என் வாசல மிதிக்காத.”

அம்மா கசில்தா அவன் துணிகளை ஒரு மாவுச் சாக்கில் திணித்து வாசலுக்கு வெளியே வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவனுக்கு இன்றுவரை ஆறவில்லை. அப்பாவாவது ஒரு வாக்கியம் சொன்னார். சில வருஷம் கழித்துச் சந்தையில் ஒருமுறை நேருக்கு நேர் வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பையிலிருந்து மிளகாய் சிதறியது, குனிந்து பொறுக்கினாள், நிமிர்ந்து அவனைத் தாண்டிப் போய்ப் பூசணிக்காய் என்ன விலை என்று கேட்டாள். பெற்ற பிள்ளையைவிடப் பூசணிக்காய் உசத்தியாகப் போய்விட்டது.

இந்த வருஷம் ஜூன் மாதத்தில் அப்பா செத்துப்போனார். அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அடக்கம் முடிந்து மழைக்காலமும் பாதி கழிந்த பிறகு ஒரு வேன் டிரைவர், “உங்கப்பா நல்ல மனுஷன்யா, இப்படிப் பட்டுனு போய்ட்டாரே” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கியர் மாற்றினான். நிக்கானோர் நடுத்தெருவில் நின்றான். பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. சண்டை போட்டுத் தீர்க்காத ஆள் செத்துப்போனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

வழி ஒன்று இருந்தது. அம்மா பிறந்த ஊர் தெற்கே. அங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்த வருஷம், நவம்பர் முதல் தேதி, கூடத்தில் கூரை முட்ட வெள்ளைத் துணியில் பீடம் கட்டுவார்கள். தெருவிலிருந்து பீடம்வரை செண்டுமல்லி இதழைப் பாதையாகத் தூவி, செத்தவர்களை வீட்டுக்கு அழைப்பார்கள். அன்று பகல் முழுக்கக் கதவு திறந்தே இருக்கும். மெழுகுவர்த்தியோடு யார் வந்தாலும் தடுக்கக் கூடாது. பகையாளியே வந்தாலும் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். கல்யாணமாகி நகரத்துக்கு வந்தும் கசில்தா அந்த வழக்கத்தை விடவில்லை. தன் மாமனார் செத்த வருஷம் அவள் கட்டிய பீடத்துக்கு நிக்கானோர்தான் ஏணி பிடித்தான்.

தவிர, செத்தவர்கள் திருநாள் வருகிற அந்த வாரம் ஊரே முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு திரிகிற வாரம். ஊமை மணியில் அதற்குப் போட்டியே உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் அதற்காகவே வருவார்கள். அவர்களுக்கெல்லாம் வரைந்துவிடுகிறவன் உலிசெஸ். ஊமை மணியில் மது ஊற்றுகிறவன், நிக்கானோரோடு எட்டு வருஷமாக ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறவன்.

“உனக்குப் பைத்தியமாடா?” என்றான் உலிசெஸ், தூரிகையை ஆட்டி. “இத்தன பேர இழுத்துக்கிட்டு அந்த வீட்டுக்கா போற?”

“பொணத்தயும் பாக்க விடல. படத்தையாவது பாத்துட்டு வந்துடறேன்.”

“உங்கம்மா கண்டுபிடிச்சு வெளிய தள்ளினா?”

“தள்ளினா மண்டையோட்டத்தான் தள்ளுவா, என்னைத் தள்ள மாட்டா. மூக்க இன்னும் கறுப்பாக்கு. நெத்தில அந்தப் பச்சை இதயத்த மறந்துடாத.”

நெற்றியில் பச்சை இதயம் அவனுடைய முத்திரை. வருஷா வருஷம் அதே இடத்தில் அதே இதயம்.

அன்று கூட வந்தவர்கள் ஆறு பேர். அதில் க்ளென் என்ற கனடாக்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நாய்க்குட்டி படத்தைப் பார்த்தாலும் அழுவார். எல்லோர் முகத்திலும் மண்டையோடு, எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. மத்தியான வெயிலில் வேன் பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். வாசல் நிலைக்கு வந்ததும் நிக்கானோரின் கால் தானாக நின்றுவிட்டது. இதழ்ப் பாதை அவன் செருப்பு முனையிலிருந்து தொடங்கி உள்ளே போயிற்று. உலிசெஸ் பின்னாலிருந்து முட்டியால் ஒரு இடி இடித்தான். நிக்கானோர் உள்ளே விழுந்த மாதிரி நுழைந்தான்.

“வாங்க, வாங்க. மெழுகுவத்திய இப்படிக் குடுங்க. கடவுள் உங்களுக்குத் திருப்பிக் குடுக்கட்டும்” என்று வந்து நின்றாள் கசில்தா. எவ்வளவு குள்ளமாகிவிட்டாள்! தலை முழுக்க வெள்ளை. அவன் கையிலிருந்து மெழுகுவர்த்தியை வாங்கும்போது அவள் விரல் பட்டது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்தவர் மெழுகுவர்த்திக்குக் கை நீட்டினாள். தப்பித்தோம் என்று அவன் மூச்சு விட்டான்.

பீடத்துக்குப் பக்கத்தில் த்ராங்கிலினோ உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சுவரோரம். நிக்கானோருக்கு வழக்கப்படி கண் செருப்புக் கடையைத் தேடியது. அந்த நிமிஷத்தில்தான் அது காதில் விழுந்தது.

“மெலேசியோவின் ஆத்துமாவுக்கும், அவர் மகன் நிக்கானோரின் ஆத்துமாவுக்கும், நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே...”

“முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக” என்றார்கள் பெண்கள்.

வேறு நிக்கானோராக இருக்கும் என்று நினைத்தான். அப்பாவுக்கு வேறு மகன் ஏது? ஒரு தங்கை, ரூஃபினா, அவள் வேராகுரூஸில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். த்ராங்கிலினோ அடுத்த மணிக்குப் போகத் தலை நிமிர்ந்தார். பச்சை இதயத்தைப் பார்த்தார். போன வியாழக்கிழமைதான் அந்த இதயம் ஊமை மணியில் மேசைக்கு மேசை திரிந்ததைப் பார்த்திருக்கிறார். ஜெபமாலை கையிலிருந்து மடியில் விழுந்தது. அந்தக் கல் கரைக்கும் குரல் கீச்சென்று போய், ஒரு முழு மங்கள வார்த்தை ஜெபத்தை விழுங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறவனுக்கு இந்த மனுஷன் மாதக்கணக்காக இளைப்பாற்றி வேண்டியிருக்கிறார்! அவன் சாகவில்லை என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்ல வாயில்லை. அதனால் ஜெபித்துவிட்டார்.

நிக்கானோர் பீடத்தின் பக்கம் திரும்பினான். அம்மா ஊர் முறைப்படி படம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது, அதற்கு எதிரே ஒரு கண்ணாடி. செத்தவர் முகத்தை நேரே பார்க்கக் கூடாது, கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். குனிந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்த படம். அப்பா சொந்தமாக வேன் வாங்கிய அன்று எடுத்தது. அப்பா, அம்மா, ரூஃபினா, வெள்ளைச் சட்டையில் பன்னிரண்டு வயது நிக்கானோர்.

பீடத்தில் வைக்கும் படத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் முகம் தெரியக் கூடாது. தெரிந்தால் சாவு அதைப் பார்த்துவைத்துக்கொண்டு கேட்டு வரும். அந்தப் பேட்டையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அதனால் துண்டுக் காகிதம் ஒட்டி மறைப்பார்கள். அம்மாவின் முகத்தில் காகிதம் இருந்தது. ரூஃபினாவின் முகத்தில் இருந்தது. அப்பா முகம் திறந்திருந்தது. அவன் முகமும் திறந்திருந்தது.

விழுந்திருக்கும் என்று கீழே தேடினான். இதழ்களை விலக்கிப் பார்த்தான். காகிதம் எதுவும் இல்லை. படத்தில் பசை ஒட்டிய தடம்கூட இல்லை. கண்ணாடியில் சின்னப் பையன் பல்லெல்லாம் காட்டிச் சிரித்தான். அவனுக்குப் பின்னால் ஒரு மண்டையோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அது தான்தான் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

“இந்தப் பையன் யாருன்னு கேளுங்களேன்” என்றார் க்ளென்.

உலிசெஸ் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தான். நிக்கானோர் வரவில்லை. குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டான்.

“வீட்டுக்காரம்மா, படத்துல இருக்கற பையன் யாருன்னு இவர் கேக்கறார்.”

“என் மூத்தவன்” என்றாள் கசில்தா. “செத்துட்டான்.”

“செத்துட்டானாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னான் நிக்கானோர்.

“ஐயோ! எப்படி?”

“எப்படின்னு கேக்கறார்.”

“வடக்க போனான். எல்லைகிட்ட ரயில்லேர்ந்து விழுந்துட்டான்னு சேதி வந்துச்சு. அவங்கப்பா போன பின்னாடி. உடம்புகூடக் கிடைக்கல.”

“ரயில்லேர்ந்து விழுந்துட்டானாம். உடம்பு கிடைக்கலையாம்.” நிக்கானோர் ஜென்மத்தில் ரயில் ஏறியதில்லை. நாக்கு அதன் பாட்டுக்கு மொழிபெயர்த்தது. மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது.

“நல்ல பையன்” என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. “அவன் சிரிச்சா வீடே சிரிக்கும். பட்டாசுன்னா பயம், தடிமாடு மாதிரி வளந்தப்புறமும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவான். பால் காய்ச்சினா ஆடைக்கு முதல் ஆளா வந்து நிப்பான்.”

க்ளெனுக்கு ஏற்கெனவே கண்ணில் வெள்ளம். மண்டையோட்டின் கறுப்பு கன்னத்தில் ஒழுகியது. அவர் பீடத்தின் ஓரத்தைக் காட்டினார். அப்பாவுக்குப் பிடித்த பீரும் சிகரெட்டும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பூசணி விதை பூசிய பிஸ்கட், ஒரு கோப்பைப் பாலாடை, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் குப்பி.

“அது என்னன்னு கேளுங்க.”

நிக்கானோர் கேட்கவில்லை. அவனுக்கு அந்தக் குப்பியைத் தெரியும். மூடியில் கீறல், பாதி காலி. மாவுச் சாக்கைக் கொட்டித் தேடியபோது அது இல்லை என்று அன்றைக்கு அவன் அழுதிருக்கிறான். க்ளென் கை நீட்டிய திசையைப் பார்த்துக் கசில்தாவே சொன்னாள்.

“விரல்ல பூசிக்குவான். அவனுக்கு அழகாத்தான் இருக்கும். செத்தவங்களுக்குப் பிடிச்சத வைக்கணும்ல?”

சுவரோரத்துப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நிக்கானோருக்குக் கோபம் ஏறியது. உயிரோடு இருக்கிறவனுக்கு மாவுச் சாக்கு, செத்தவனுக்குப் பாலாடையும் நகச்சாயமுமா? அவன் ஒரு மெழுகுவர்த்தியின் காகித உறையைக் கிழித்தான், ஒரு துண்டை உருகிய மெழுகில் தொட்டான், படத்தைத் திருப்பித் தன் முகத்தின்மேல் வைக்கப் போனான்.

“ஏய்! கைய எடு!” கசில்தா பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “அத மூடாத!”

“மூடணும்மா” என்றான் தன் சொந்தக் குரலில். “அவன் சாகல.”

அவள் பிடி இளகியது. மெதுவாக நிமிர்ந்தாள். வெள்ளைப் பூச்சு, கறுப்புக் கண்குழி, பல் வரிசை. அதற்குள்ளிருந்து வந்தது பிள்ளையின் குரல். 

“நிக்கானோர்?” என்றாள். பிறகு, சுவரோரத்துப் பெண்களுக்கே கேட்காத குரலில், “நிஜமாவே செத்துட்டியாடா?”



“நான் பொய்யாத்தான்டா சொன்னேன்!” அதே அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டே அவள் இதழ்மேல் உட்கார்ந்துவிட்டாள். “அவரு சாகும்போதுகூட விடலடா. என் கைய சிலுவமேல வெச்சு, அவன் உயிரோட இந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்? செத்தவன் வந்தா யாரு தடுப்பா? இன்னிக்கு ஒரு நாளாவது உன்ன வீட்டுக்குக் கூப்பிடலாம், ஒரு வாய் சாப்பாடு வெக்கலாம்னு முகத்த மூடாம வெச்சேன். நான் கூப்பிட்டே உன்னக் கொன்னுட்டேனா? ஐயோ, நானே சாவுக்கு உன் முகத்தக் காட்டிட்டேனா?”

அவள் தன் தலையில் அறைந்துகொண்டாள். இத்தனை வருஷமாக அவன் எண்ணி எண்ணி வளர்த்த கோபம் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. அவளைத் தூக்கவும் தோன்றவில்லை. முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான். தலையை அப்படியே உள்ளே விட்டான். துணி துவைக்கிற சோப்பை எடுத்துக் கண் எரிய எரியத் தேய்த்தான். வெள்ளையும் கறுப்பும் பச்சை இதயமும் தாடி வழியாக ஒழுகின. சட்டை நனைய நனையக் கூடத்துக்குத் திரும்பி வந்து வெளிச்சத்தில் நின்றான்.

பெண்கள் வீறிட்டார்கள். ஒருத்தி கையிலிருந்த சாக்லேட் பானக் கோப்பை விழுந்து உடைந்தது. “கன்னி மாதாவே, ரயில்ல விழுந்தவன்!” என்று ஒருத்தி தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அற்புதம்!” என்று த்ராங்கிலினோ துள்ளி எழுந்தார். குரல் பழையபடி கூடத்தை நிறைத்தது. “ஜெபத்தின் அற்புதம்! ஆண்டவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்!”

நிக்கானோர் அவரைப் பார்த்தான். போன வியாழக்கிழமை சோம்பு மதுவை அவர் மேசையில் வைத்தது இவன் கைதான். அவருக்கும் அது நினைவிருந்தது.  ஒரு வாக்கியம் போதும், பேட்டையே வயிறு வலிக்கச் சிரிக்கும்.

“ஆமாங்கய்யா” என்றான் நிக்கானோர். “அற்புதம்தான்.”

கசில்தா எழுந்து வந்தாள். அவன் கன்னத்தைத் தொட்டாள். தாடியைப் பிடித்து இழுத்தாள். சூடாக இருக்கிறதா என்று கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள். அந்தக் கையாலேயே அவன் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கை தூக்கும்போது அவள் உடம்பு விறைத்தது. கை அவனை விட்டது. ஓரடி பின்னால் போனாள்.

“உயிரோட இருக்க” என்றாள்.

“இருக்கேன்மா.”

“அப்ப... நீ வெளிய போகணும்.” வாசலைக் காட்டினாள். “சத்தியம் பண்ணிட்டேன்டா.”

எத்தனை அடிதான் ஒரே நாளில் தாங்குவது? அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. செத்தால் சோறு உண்டு, உயிரோடு இருந்தால் வாசல்தான்.

“சரிம்மா” என்றான். “செத்தவனா உள்ள உக்காந்து பாலாட திங்கறதவிட உயிரோட வெளிய நிக்கறேன். அதுவே எனக்குப் பழகிப்போச்சு.”

கீழே கிடந்த காகிதத் துண்டை எடுத்து, மறுபடி மெழுகில் தொட்டு, படத்தில் தன் முகத்தின்மேல் ஒட்டிப் பழையபடி கண்ணாடிக்கு எதிரே வைத்தான். அவசரத்தில் கோணலாக ஒட்டியிருந்தது. ஒரு கண் வெளியே தெரிந்தது. உலிசெஸின் கையைப் பிடித்துக்கொண்டு இதழ்ப் பாதையில் திரும்பி நடந்தான். வெளிநாட்டுக்காரர்கள் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார்கள். க்ளென் மட்டும், “என்ன ஆச்சு? அவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொழிலில் முதல் தடவையாக நிக்கானோர் பதில் சொல்லாமல் போனான். வாசல் நிலையைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியிருப்பான்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. ஆனால் அவனிடம் பேசவில்லை. பீடத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, கண்ணாடியில் இருந்த மெலேசியோவிடம் பேசினாள்.

“இங்க பாருய்யா. பீரு வெச்சிருக்கேன், சிகரெட்டு வெச்சிருக்கேன். வருஷத்துல ஒரு நாள் வர்ற, வந்தமா சாப்பிட்டமான்னு போ. மிச்ச நாளெல்லாம் இந்த வீட்டுல இருக்கறவ நான். சத்தியத்த நான் மீறினேன்னு அங்க போய் யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிக்கோ. நான் வந்து பதில் சொல்லிக்கறேன்.”

 அவள் படத்தைக் கையில் எடுத்தாள். மகன் கோணலாக ஒட்டிய காகிதத்தைப் பிரித்து, நேராக்கி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டி, பழைய இடத்தில் வைத்தாள். பிறகு வாசலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

“எங்கடா போற? இத்தன பேர கூட்டிட்டு வந்துட்டு யாரு பரிமாறுவா, நானா? செத்தவங்கதான் இன்னிக்கு உக்காந்து சாப்பிடுவாங்க. உயிரோட இருக்கறவன் வந்து கரண்டியப் பிடி!”

நிக்கானோர் அந்தரத்தில் தூக்கிய காலோடு நின்றான். அவளுடைய கண் அவன் முகத்திலிருந்து இறங்கி, அவன் கோத்துக்கொண்டிருந்த கைக்கு வந்து, அங்கிருந்து உலிசெஸின் மண்டையோட்டுக்கு ஏறியது.

“அது யாரு?”

பொய் சொல்ல எட்டு வழி அவனுக்குத் தெரியும். தினமும் யாருக்காவது சொல்லித் தருகிறவன். 

“என்கூட இருக்கறவன்மா. உலிசெஸ்.”

கசில்தா உலிசெஸை ஏற இறங்கப் பார்த்தாள். த்ராங்கிலினோ ஜெபமாலையை இறுகப் பிடித்தபடி வானத்தைத் தேடினார். மேலே கூரைதான் இருந்தது.

“அவனும் உயிரோடதானே இருக்கான்?” என்றாள். “ரொட்டிக் கூடைய எடுத்துக்கச் சொல்லு. சூடு ஆறுது.”

சமையலறையில் மோலே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாயும் சாக்லேட்டும் சேர்ந்த அந்த வாசனையில் நிக்கானோருக்குக் கண் கலங்கியது. சோப்பு எரிச்சல் என்று சொல்லிக்கொண்டான். முதல் தட்டை த்ராங்கிலினோவிடம் கொடுத்தான், அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். க்ளெனுக்கு இரண்டு துண்டு கோழி வைத்தான். எல்லோருக்கும் போட்ட பிறகு கரண்டியோடு பீடத்துக்கு வந்து குனிந்தான். கண்ணாடியில் மூன்று முகங்கள் மூடியிருந்தன. அப்பா மட்டும் தனியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு வேனில் பார்த்த அதே பார்வை. நிக்கானோர் அவர் தட்டிலும் ஒரு கரண்டி ஊற்றினான்.